கிருபாவின் காரும் என் கண்ணும்

கார் திருத்துகிறவனுக்குத் தொழிலால் வருகிற வருத்தங்கள் இரண்டு: ஒன்று முதுகு நோவு, மற்றது பொறாமை. முதுகுக்கு டாக்டர் மாத்திரை எழுதித் தருவார். பொறாமைக்கு யாரிடம் போவது? மற்றவனுடைய காருக்குக் கீழே படுத்து, மற்றவனுடைய எண்ணெய் முகத்தில் சொட்ட, மேலே நின்று அவன் "கவனம், பெயின்ற் கீறுப்படும்" என்று சொல்வதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். அடுத்தவன் கல்யாணத்துக்குச் சட்டை தைத்தவர்களுக்கும், நகைக்கடையில் மற்றவர்களின் கழுத்துக்கு அளவு பார்த்தவர்களுக்கும்கூட விளங்கும். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த வருத்தம் இல்லாதவர்கள் தயவுசெய்து வேறு பக்கத்தைப் புரட்டுங்கள்; உங்களைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நான் டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில், ஹென்னிங் என்ற டேனிஷ்காரனின் கராஜில் வேலை செய்து பென்சன் எடுத்தவன். பென்சனுக்குப் பிறகும் சனிக்கிழமைகளில் அங்கே போவேன். "திருத்த இல்லை, கோப்பி குடிக்கத்தான் போறியள்" என்பாள் என் மனுசி கமலா. பெரும்பாலும் அது உண்மைதான். கிருபாவின் கார் வரும்வரை.

எட்டு சிலிண்டர்

கிருபா என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். முதியோர் இல்லம் ஒன்றில் மேற்பார்வையாளர். இந்த நாட்டில் அவனுக்குக் கார் ஓடப் பழக்கியது நான். பழகிய முதல் நாளே என் காரைக் கொண்டுபோய் ஹென்னிங்கின் கொடிக்கம்பத்தில் முட்டினான். அந்தக் கம்பம் இன்றைக்கும் சரிந்துதான் நிற்கிறது. டென்மார்க் கொடி அதில் ஏறும்போது கொஞ்சம் தலை சாய்த்துத்தான் ஏறும். அப்படிப்பட்டவன் போன கோடையில் ஒரு அமெரிக்கக் கார் வாங்கினான். எழுபதாம் ஆண்டுக் கார், இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், மாம்பழ மஞ்சள். 'மசில் கார்' என்று சொல்வார்களே, அந்தச் சாதி. எஞ்சின் மூடி மட்டுமே எங்கள் வீட்டுக் குசினி அகலம். முதல் தரம் அதை ஸ்டார்ட் பண்ணியபோது எங்கள் அலுமாரியில் கோப்பைகள் ஆடின, ஏரியில் இருந்த வாத்துகள் ஜேர்மனிப் பக்கம் பறந்துபோயின, பக்கத்து நகரமான ஓர்ஹூஸில் இருக்கிற என் மச்சாள் ரெலிபோன் எடுத்து "அங்க இடி இடிக்குதோ?" என்று கேட்டாள்.

என்னுடையது மூன்று சிலிண்டர், சாம்பல் நிறம். ஸ்டார்ட் பண்ணினால், ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று இறங்கிப்போய்க் காது வைத்துக் கேட்க வேண்டும். நான் கிருபாவின் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்காவது துரு இருக்கும் என்று ரோச் லைற் அடித்துத் தேடினேன். கதவுக்குக் கீழே, சில்லுக்கு உள்ளே, டிக்கிக்கு அடியில். ஒரு பொட்டுத் துரு இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை; படுத்தேன். எழும்பியபோது கமலா கட்டிலடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மத்தியான நித்திரையில 'எட்டு சிலிண்டர், எட்டு சிலிண்டர்' எண்டு புலம்பினியள். ஆர் அது, எனக்குத் தெரியாத ஆளோ?"

ஒப்பந்தம்

வசந்த காலத்தில் அந்தக் காருக்குச் சூன் வந்தது. சூன் என்றால் வாகனப் பரிசோதனை; டென்மார்க்கில் எவ்வளவு பெரிய ஆளுடைய காரும் அதன் முன் தலை குனிந்துதான் நிற்க வேண்டும். பரிசோதகர் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியிருக்கிறார். அது சட்டிக்குள் அகப்பை ஆடுகிற மாதிரி ஆடியிருக்கிறது. இனி இதைத் திருத்தும்வரை ரோட்டில் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிருபா செத்தவீட்டு முகத்தோடு வந்து இதைச் சொன்னான். நான் வாயால் "அடப் பாவமே" என்றேன். மனதுக்குள் தை மாதத்துப் பானை பொங்கி வழிந்தது.

வளையத்திலிருந்து கீழே போகிற குழாய், அதற்குள் ஓடுகிற தண்டு, இரண்டையும் சேர்த்துத் தொழிலில் 'கொலம்' என்போம். அதை முழுதாக மாற்ற வேண்டும். "மாத்தித் தாறன், கூலி வேண்டாம்" என்றேன். கிருபாவுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "அப்ப என்ன வேணும்?" ஹென்னிங்கின் கராஜில் ஒரு முறை உண்டு: ஸ்டியரிங் பூட்டினவன்தான் அந்தக் காரை முதலில் ஓட வேண்டும். பிழையாகப் பூட்டியிருந்தால் பள்ளத்தில் விழுகிறவன் அவனாகவே இருக்கட்டும் என்பதற்காக. அந்த முதல் ஓட்டம் எனக்கு வேண்டும், ஹிம்மெல்பியர்க் குன்றுவரை, தனியாக, என்றேன். தன் மனுசி வதனியையே அந்த ஆசனத்தில் இருக்க விடாதவன் அவன். காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரிந்த கொடிக்கம்பத்தைப் பார்த்தான். கடைசியில் வாய் திறந்தான்.

"ஓம் அண்ணை, தாறன். ஆனா கையில மோதிரம் போட்டுக்கொண்டு ஓடப்படாது. வளையம் கீறுப்பட்டிடும்."

தண்டின் தலை

சனிக்கிழமை ஹென்னிங்கின் ட்ரெய்லரில் ஏற்றிக் காரைக் கராஜுக்குக் கொண்டுவந்தோம். பற்றறியைக் கழற்றினேன். முன் சில்லுகளை நேராக நிறுத்தினேன். பிறகு வளையத்தைக் கழற்றவேண்டும். அதற்கென்று ஒரு புல்லர் இருக்கிறது; அதை மாட்டித் திருகத் திருக வளையம் பிள்ளை மாதிரி சொல்வழி கேட்டு மேலே வரும். வந்தது. பார்த்தால் உள்ளே தண்டின் நுனி காளான் மாதிரி விரிந்து கிடக்கிறது. சுத்தியல் அடி! அந்தக் காலத்து அமெரிக்கன் கெட்டிக்காரன். கார் எதிலாவது மோதினால் தண்டு ஓடுகிறவனின் நெஞ்சில் ஏறாமல் தனக்குள்ளேயே ஒடுங்கிப் போகட்டும் என்று உள்ளே பிளாஸ்டிக் ஊசிகள் வைத்திருக்கிறான். நுனியில் சுத்தியலால் அடித்தால் அந்த ஊசிகள் விபத்து நடந்துவிட்டது என்று நினைத்து முறிந்துவிடும். அதுதான் அந்த ஆட்டம்.

"ஆர் தம்பி இதுக்கு அடிச்சது?" என்று கேட்டேன். கிருபா கூரையைப் பார்த்தான். இணையத்தில் ஒரு மர வளையம் வாங்கியிருக்கிறான், மினுங்கும் மரம். பழையதைக் கழற்றி அதைப் பூட்ட வேண்டும். என்னைக் கூப்பிட்டால் நான் காரைப் பார்ப்பேன். நான் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது. ஆகவே தானே கழற்றியிருக்கிறான். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள், பரவாயில்லை, நினையுங்கள்.

"சத்தியமா மெதுவாத்தான் அண்ணை அடிச்சனான். தேங்காய் உடைக்கிற அளவுக்குத்தான்."

முழங்காலடியில் ஒரு எலுமிச்சை

கொலத்தின் கீழ்ப்பகுதியைக் கழற்ற, ஓடுகிறவரின் முழங்காலுக்கு மேலே இருக்கிற மூடியை இறக்கினேன். அதற்குள்ளே கொலத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றில் காய்ந்து கல்லாகிப்போன ஒரு எலுமிச்சங்காய், சில செத்தல் மிளகாய், மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு. ஹென்னிங் ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பது வகைக் காரைப் பிரித்துப் போட்டவன், இப்படி ஒரு பாகத்தைக் கண்டதில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். "இது அசல் அமெரிக்கப் பாகமா, மணி? புதிது ஓடர் பண்ணவேண்டுமா?" என்று மிக மரியாதையாகக் கேட்டான்.

அந்த நேரம் பார்த்து வதனி எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தாள். என் கையில் கயிற்றைக் கண்டதும் முகம் ஒரு மாதிரிப் போனது. கண்ணூறு படாமல் இருக்கக் கட்டியது என்றாள். நல்லது, கட்டத்தானே வேண்டும், இவ்வளவு வடிவான காருக்கு யார் யாரோ கண் வைப்பார்கள் என்றேன். ஊரில் யாருக்குப் பிள்ளை இவ்வளவு பயம் என்றும் கேட்டேன். அவள் சம்பலில் பெரிய பங்கை என் தட்டில் வைத்தாள்.

"குறை நினையாதேங்கோ மணியண்ணை. நீங்கள் ரோச் லைற் அடிச்சுப் பாத்திட்டுப் போன அண்டைக்குத்தான் கட்டினனான்."

சோபாவில் இருந்த விருந்தாளி

புதுக் கொலம் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. கராஜுக்குக் கொண்டுவருவான் என்று பார்த்தால், தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வரச் சொன்னான் கிருபா. போனேன். வரவேற்பறையில் நல்ல சோபாவில் கொலம் கால் நீட்டிப் படுத்திருந்தது. கீழே ஒரு பட்டுத் துணி, நெற்றியில் சந்தனப் பொட்டு. எனக்குப் பிளாஸ்டிக் கதிரை.

கிருபா அதைத் தடவித் தடவிக் காட்டினான். இங்கே பாருங்கள் மூட்டு, இங்கே பாருங்கள் திறப்புப் போடுகிற இடம், இந்த மாதிரி ஒன்று இந்த யூலாந்துப் பகுதி முழுக்க வேறு யாரிடமும் இராது என்றான். நான் நீளம் சரியா, கியர் தடி இல்லாத வகையா என்று பார்த்தேன். எல்லாம் சரி. ஒரு பிழையும் இல்லை. தேத்தண்ணி கசந்தது. அப்போது பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சப்பாத்தோடு நின்றபடி சோபாவைப் பார்த்தாள். தான் இருக்கிற இடத்தில் என்ன படுத்திருக்கிறது என்று கேட்டாள். தகப்பன் எல்லாவற்றையும் தமிழில் விளங்கப்படுத்தினான். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள், பிறகு டேனிஷில் பதில் சொன்னாள்.

"அப்பா, அது ஒரு குழாய்."

எஸ்பியர்க் மீன்

பூட்டுகிற வேலை தலைகீழ் வேலை. முதுகு ஆசனத்தில், கால்கள் ஆசனத்தின் தலைப்பக்கம், தலை பெடல்களுக்கு நடுவே. கிருபா வெளியே நின்று நான் எங்கே எதைத் தொடுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்த்தான். அவனை அசையாமல் வைக்க ஒரு கதை சொன்னேன். எஸ்பியர்க் துறைமுகத்தில் ஒரு மீன்காரனின் வான். இடப்பக்கம் திருப்பினால் திரும்பாது, வலப்பக்கம் மட்டும்தான். அந்த மனிதன் வீட்டுக்குப் போக ஊரையே சுற்ற வேண்டும். நான் கொலத்தைப் பிரித்தேன். உள்ளே முழு ஹெரிங் மீன் ஒன்று. உப்பில் ஊறி இரும்பாகிப் போயிருந்தது. வெளியே எடுத்ததும் வான் தானாகவே இடப்பக்கம் திரும்பியது; மீனைக் கமலா குழம்பு வைத்தாள், எட்டுப் பேர் சாப்பிட்டோம். கிருபா எட்டிப் பார்ப்பதை நிறுத்தினான்.

"போனமுறை சொல்லேக்க அது நண்டு அண்ணை."

ஒரு பல்

உண்மையில் அந்த வேலைக்கு ஒரு சனிக்கிழமை போதும். நான் கொஞ்சம் நீட்டினேன். கீழ் மூட்டைப் பொருத்துவது, தரைத் தட்டை இறுக்குவது, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற போல்ட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, கொலம் தன் இடத்தைத் தானே கண்டுபிடித்த பிறகு இறுக்குவது: எல்லாவற்றையும் கோவிலில் சாமிக்குச் சாத்துப்படி செய்கிற மாதிரிச் செய்தேன். அந்தக் கார் என்னுடையதாக இருந்த நேரம் அது மட்டும்தான். பழைய தோல் ஆசனத்தின் மணம், பெற்றோல் மணம். கண்ணை மூடினால் என் கார்.

கடைசியாக வளையம். தண்டில் பற்கள் உண்டு. ஒரே ஒரு பல் தள்ளிப் பூட்டினால் போதும். காருக்கு ஒரு ஆபத்தும் வராது, ஆனால் நேராகப் போகும்போது கிருபாவின் மினுங்கும் மர வளையம் எப்போதும் கொஞ்சம் சரிந்தே நிற்கும், அவன் முட்டிய கொடிக்கம்பம் போல. கை அந்தப் பல்லுக்குப் போனது. பிறகுதான் யோசித்தேன்: முதல் ஓட்டம் எனக்கல்லவா? என் முதல் ஓட்டத்தில் வளையம் ஏன் சரிந்து நிற்க வேண்டும்? நேராகவே பூட்டினேன். வதனி புது எலுமிச்சங்காயும் கயிறும் கொடுத்துவிட்டிருந்தாள். என் கண்ணுக்கு எதிரான காப்பை என் கையாலேயே, தண்டு சுழல்கிற இடத்துக்கு எட்டாமல், வெளிக் குழாயில் இறுக்கிக் கட்டினேன். ஹென்னிங் கோப்பியோடு குனிந்தான்.

"மணி, காலைக் கோப்பியிலிருந்து அதே போல்ட்டைத்தான் இறுக்கிக்கொண்டிருக்கிறாய்."

பின்னல் போட்ட பரிசோதகர்

மறுபரிசோதனைக்கும் ட்ரெய்லரில்தான் கொண்டுபோனோம். பாஸாகும்வரை ஓடக்கூடாதே. பாஸானதும் அங்கிருந்தே ஹிம்மெல்பியர்க் போக நான் ஆயத்தம். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்திருந்தேன். நல்ல சேட், தலைக்கு எண்ணெய். கமலா வாசலில் நின்று "பொம்பிளை பாக்கவோ போறியள்?" என்று கேட்டாள். பரிசோதகர் ஒரு இளம் பெண், நீளப் பின்னல். வளையத்தைப் பிடித்து ஆட்டினாள்; மலையை ஆட்டுவது போல இருந்தது. கீழே லைற் அடித்தாள். எலுமிச்சங்காயைக் கண்டாள். இது என்ன என்று கேட்டாள். "திருட்டுக்குப் பாதுகாப்பு" என்றான் கிருபா கண் இமைக்காமல். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

பிறகு, "ரோட்டில் ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும்" என்றாள். நானும் கிருபாவும் ஒரே நேரத்தில் காரின் கதவுப் பக்கம் ஓரடி வைத்தோம். அவள் ஏறினாள், கிருபா யாரையும் தொடவிடாத ஆசனத்தை முன்னுக்குத் தள்ளினாள், போனாள். சத்தம் சந்தி வரை கேட்டது, சந்தி தாண்டியும் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கராஜ் முறைப்படி என்னுடைய முதல் ஓட்டம் மரங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அந்த அளவுக்கு ஒற்றுமையாக நாங்கள் முன்னொரு நாளும் நின்றதில்லை. ஒருவழியாகத் திரும்பி வந்தாள், கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. எல்லாம் சரி, பாஸ் என்றாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கிருபா கேட்டான்.

"ஸ்டியரிங் மிக நன்றாக இருந்தது. அதனால் இன்னொரு சுற்றும் போனேன்."

கழிப்பு

காரின் திறப்பு கிருபாவின் கைக்கு வந்தது. நான் கையை நீட்டினேன். அவன் சிரித்தான். நான் கார் ஓடப் பழக்கிய பிள்ளை, அந்தச் சிரிப்பை எங்கே பழகினானோ தெரியாது. "முதல் ஓட்டம்தானே அண்ணை கேட்டனீங்கள்? அது இப்ப முடிஞ்சுது. அந்தப் பிள்ளை ஓடிப்போட்டா." நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. எத்தனை சனிக்கிழமை தலைகீழாகக் கிடந்தவன்! ஹென்னிங் வானத்தைப் பார்த்தான். அப்போதுதான், பின்னால் தங்கள் மற்றக் காரில் வந்திருந்த வதனி இறங்கி வந்து திறப்பைக் கிருபாவின் கையிலிருந்து பறித்தாள். "உங்களுக்கு விசரே? ஆசைப்பட்ட மனுசனைப் பாக்க வைச்சுக்கொண்டு ஓடினால் நாங்கள் வீடு போய்ச் சேருவமோ? சாப்பாட்டைப் பாத்தவைக்கு ஒரு வாய் குடுத்தாத்தான் கண்ணூறு கழியும். காரும் அப்பிடித்தான்." திறப்பு என் உள்ளங்கையில் விழுந்தது. "இந்தாங்கோ மணியண்ணை, ஆசை தீர ஓடிப்போட்டு வாங்கோ." இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை. நான் ஓடிப்போய் ஏறினேன்.

ஹிம்மெல்பியர்க் என்றால் வானமலை. பெயர்தான் பெரிது, உயரத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அங்கே போகிற பாதை காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து போகும், ஒரு பக்கம் ஏரி மினுங்கும். ஒவ்வொரு வளைவிலும் நான் நினைத்த இடத்திலேயே கார் திரும்பியது. நேர்ப்பாதை வந்ததும் வளையத்தில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டேன். நேராக நின்றது, ஒரு பல்கூடப் பிசகாமல். அப்படி எவ்வளவு தூரம் போனேனோ தெரியாது. கொஞ்ச நேரம் யார் மீதும் எனக்குப் பொறாமை இல்லாமல் இருந்தது, பயந்துபோனேன்.

திரும்பி வரும்போது பஸ் தரிப்பில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். என் சொந்தக் கார் மாதிரி இரண்டு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு வந்தேன். நான் வந்து இறங்கியபோது கிருபா ரெலிபோனைப் பிடித்தபடி நின்றான். பஸ் தரிப்பிலிருந்து அவனுக்கே அழைப்புப் போயிருக்கிறது: மணியண்ணை உன்னுடையதைப் போலவே ஒரு கார் வாங்கியிருக்கிறார், ஆனால் அவருடையது இன்னும் வடிவு என்று. அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. போன கோடை முழுக்க என் கண்ணாடியில் நான் கண்ட பார்வை. "ஆசை தீந்துதோ அண்ணை?" என்று வதனி கவலையோடு கேட்டாள். நான் கண்ணை மூடி உள்ளே தேடிப் பார்ப்பது போலப் பார்த்தேன். "அரைவாசிதான் பிள்ளை. மிச்சம் இன்னும் இருக்கு." அவள் பயந்துவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே திறப்பை என் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறாள். கிருபா பின்னால் வந்து வாசலில் நிற்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்கிறாள், நானும் தேடிப் பார்த்துவிட்டு, கால்வாசி குறைந்திருக்கிறது என்கிறேன். போன கிழமைதான் அவனுக்குப் பொறுமை போனது.

"அண்ணை, உங்கட ஆசை தீர முதல் என்ர டாங்க் தீந்திடும்!"

எண்ணெய் சொட்டுகிற தொழிலில் நான் கண்டு தெளிந்தது இவ்வளவுதான்: முதுகு நோவு சுகமாகிவிட்டது என்று டாக்டரிடம் தாராளமாகச் சொல்லலாம், பொறாமை சுகமாகிவிட்டது என்று மட்டும், மருந்து எட்டு சிலிண்டராக இருக்கும்வரை, வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது.